கீழ்ப்பெட்டியில் கிடந்த ஒன்பது

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான பாறசாலையில், சந்தைப் பக்கம் போய் ராஜையன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தவிட்டுக்கோழி வீடு என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். ராஜையன் வாழைக்குலை வியாபாரி. எப்போதோ ஒரு மழைக்காலத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கடை ஓரத்தில் ஒடுங்கி நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அன்றோடு போயிற்று. அந்த ஊரில் எல்லோருக்கும் இப்படி ஒரு வட்டப்பேர் உண்டு. ஆடி அசைந்து வரும் தபால்காரருக்கு மின்னல் என்று பேர். கோபித்துக்கொள்கிறவனுக்கு இன்னொன்றும் சேர்த்து வைப்பார்கள். அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த வீட்டு மகள்தான் அஜிதா. பேர் வைப்பதில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். ஒரு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நடை, மூக்கு, இருமல் என்று எதையாவது பிடித்துக்கொள்வாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பேர் தெரு முழுக்க நடமாடும். அம்மா சரசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, ஒப்புக்கு ஒரு அதட்டு போடுவாள்.

திருவனந்தபுரத்துக்கு எம்.சி.ஏ. படிக்கப் போன இடத்தில் அவளுக்கே ஒரு பேர் கிடைத்தது. ஹாஸ்டல் போனில் அவள் அம்மாவோடு தமிழில் பேசுவதைக் கேட்ட ஒருத்தி 'பாண்டி' என்று கூப்பிட்டாள். தமிழ் பேசுகிறவர்களை அங்கே இளப்பமாகச் சொல்லும் சொல் அது. படித்து முடிக்கிறவரை அந்தப் பேர் அவளை விடவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்து ஒரு முடிவுக்கும் வந்தாள். இனி நகரத்துக்குள் தமிழ் கிடையாது. மற்றவர்களுக்குப் பேர் வைப்பதை விட்டுவிடலாம் என்று மட்டும் அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் சஜி என்பவன் நடத்திய சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது வருஷம் 2003. காலையில் பாசஞ்சர் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுவாள். நெய்யாற்றின்கரை வரைக்கும் ஊர்க்காரிகளோடு வாய் ஓயாமல் தமிழ். நகரம் நெருங்க நெருங்கப் பேச்சு குறையும். கழக்கூட்டத்தில் இறங்குகிறபோது அஜிதா சுத்தமான மலையாளிப் பெண். ஆபீசில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் பிரபின், வடகோடிக் கண்ணூர்ப் பையன். பாறசாலைக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

கம்பெனிக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு சிவப்பு எழுத்துப் போர்டு மாட்ட வேண்டும். டோக்கன் எண்ணும் அறை எண்ணும் அதில் வர வேண்டும். போர்டுக்கு எழுத்தை அனுப்பும் லைப்ரரியை அஜிதா எழுதினாள். லைப்ரரி என்றால் புத்தகம் வைக்கும் இடம் அல்ல. பல புரோகிராம்களும் பொதுவாகக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் ஒரு துண்டு புரோகிராம். எதை அனுப்புவது, எங்கே அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

இந்த 'எங்கே'யையும் 'எவ்வள'வையும் அவள் லைப்ரரிக்கு உள்ளே எழுதவில்லை. உள்ளே எழுதினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரோகிராமைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதனால் என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தாள். கம்ப்யூட்டரே ஒரு பெயரையும் அதற்கு எதிரே ஒரு மதிப்பையும் குறித்து வைத்துக்கொண்டிருக்கும். புரோகிராம் கண் விழித்ததும் அதைப் பார்த்து, அதன்படி நடக்கும். அஜிதா இரண்டு பெயர் வைத்திருந்தாள். 'அவுட்' என்பது எங்கே என்று சொல்லும்: போர்டா, ஸ்க்ரீனா, பைலா. 'லெவல்' எவ்வளவு என்று சொல்லும். பூஜ்யம் என்றால் டோக்கன் மட்டும். ஒன்பது என்றால் புரோகிராமின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் வெளியே வரும். பிழை தேடும்போது எழுதினவளுக்கு மட்டும் உதவுகிற செய்திகள் அவை.

எழுதினவள் மட்டும்தானே பார்க்கப்போகிறாள் என்று அவற்றை அவள் தமிழில் எழுதினாள். எழுத்து இங்கிலீஷ், பேச்சு பாறசாலை. நாள் முழுக்க அடக்கி வைத்த தமிழுக்கு ஒரு போக்கிடம் வேண்டாமா? பிரபின் எட்டிப் பார்த்தாலும் ஒரு எழவும் புரியாது. அங்கே அவள் வீட்டில் இருப்பதுபோல் இருந்தாள். வீட்டில் இருந்தால் என்ன செய்வாளோ அதையே அங்கேயும் செய்தாள்.

அப்படிப் பேர் வாங்கினவர் சுசீலாபாய். ஆஸ்பத்திரியில் ஓ.பி. கூடத்தைக் கட்டி மேய்க்கும் சூப்பர்வைசர். ஐம்பது தாண்டிய, கனத்த உடம்புக்காரர். ஒரு பக்க இடுப்பு சரியாக இல்லாததால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பார். அஜிதா அங்கே போன முதல் நாளே, "வீடு எவிடெயா மோளே?" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கேட்டார். பாறசாலை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப தமிழ் பேசுவியே பிள்ள! நான் நெய்யாற்றின்கரை. இங்க யாருகிட்ட நம்ம பேச்சு பேச?"

"அப்பாவும் அம்மாவும் பேசும் ஆன்ட்டி. எனக்கு அறியில்லா," என்றாள் அஜிதா மலையாளத்தில். பெற்ற தாயோடு பேசும் பாஷையைத் தெரியாது என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாள். சுசீலாபாய் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளோடு மலையாளத்தில்தான் பேசினார். ஆனால் மத்தியானம் தன் டிபன் கேரியரைத் திறந்து மீன் குழம்பில் பாதியை அவள் பக்கம் தள்ளாமல் சாப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகிகள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைந்த ஒரு கூட்டத்தில், அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டபோது, "அந்தக் குட்டி நல்லா செய்யுது, கொஞ்சம் சமயம் கொடுங்க சாரே," என்று அவளுக்காகப் பேசியவரும் அவர்தான்.

ஆனால் போர்டு விஷயத்தில் சுசீலாபாய் லேசில் திருப்திப்படுகிறவர் இல்லை. எழுத்து பெரிதாக வேண்டும் என்றார். எண் மாறும்போது மணி அடிக்க வேண்டும் என்றார். டாக்டர்களின் அறையை நினைத்தபோதெல்லாம் மாற்ற வசதி வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் அஜிதா சிரித்த முகத்தோடு "செய்யாம் ஆன்ட்டி" என்று செய்வதாகத் தலையாட்டிவிட்டு வந்து, புரோகிராமில் ஒரு வரி எழுதினாள். அவர் தன் கம்ப்யூட்டரில் லாகின் செய்கிற இடத்தில் அவள் எழுதிய செய்தி: 'வாத்து வந்தாச்சு'. எழுதிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். பிரபின் என்னவென்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

போர்டு மாட்டிய சனிக்கிழமை மத்தியானம் கூடம் காலியாக இருந்தது. போர்டின் அடியில் ஒரு நீள வரி உண்டு. அறிவிப்புகள் வலமிருந்து இடமாக ஓடும் வரி. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அஜிதாவுக்கு ஏதாவது எழுத்து வேண்டியிருந்தது. போர்டை ஓட்டும் கம்ப்யூட்டரில் லெவலை ஒன்பதாக்கினாள். அவளுடைய வரிகளே சிவப்பாக ஓடின. ரசித்துப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அணைத்ததில்தான் வந்தது வினை. இந்தப் பெயர்களை எழுதும் இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகள் இருக்கும். மேல்பெட்டியில் எழுதினால் அப்போது லாகின் செய்திருக்கிற ஆளுக்கு மட்டும். கீழ்ப்பெட்டியில் எழுதினால் அந்தக் கம்ப்யூட்டரில் யார் வந்து உட்கார்ந்தாலும் செல்லும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் மேல்பெட்டி ஜெயிக்கும். அஜிதா ஒன்பதைக் கீழ்ப்பெட்டியில் போட்டிருந்தாள். அணைக்கும்போது ரயில் நினைப்பில் மேல்பெட்டியில் ஒரு பூஜ்யம் போட்டாள். புரோகிராமைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவள் லாகினுக்கு எல்லாம் அமைதி. கீழே ஒன்பது அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் சுசீலாபாய் கம்ப்யூட்டர் அறையில் அதே கம்ப்யூட்டரில் தன் பெயரில் லாகின் செய்தார். கூடம் நிரம்பி வழிந்தது. நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று தெற்கேயிருந்து வைத்தியத்துக்கு வருகிற தமிழ்ச் சனம் அங்கே எப்போதும் பாதிக்குப் பாதி. நகரத்தில் கட்டட வேலை செய்கிறவர்கள் வேறு. போர்டின் அடியில் 'வாத்து வந்தாச்சு' என்று ஓடியது. தகப்பனைக் கூட்டி வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். அதே நேரத்தில் அந்த அறையிலிருந்து வெளியே சாய்ந்து சாய்ந்து பெஞ்சுகளுக்கு நடுவே வந்தார் சுசீலாபாய். முதல் பெஞ்சு சிரித்தது. பின் பெஞ்சுகள் என்னவென்று கேட்டுச் சிரித்தன. ஒரு டாக்டரின் அறையை அவர் மாற்றியதும் இன்னொரு வரி ஓடியது.

கழக்கூட்டத்தில் சஜி போனை வைத்துவிட்டுக் கத்தினான். "ஆசுபத்திரி போர்டில் எந்தோ கோமாளித்தரம் ஓடுது! வாத்துன்னு வருதாம், ஆளுகளெல்லாம் சிரிக்குதாம். யாரு எழுதியது?"

அஜிதா வாயைத் திறந்தாள். "டெஸ்ட் டேட்டா ஆயிருக்கும் சார், ஏதோ குப்பை," என்று வந்தது. சஜி பிரபினைப் பார்த்தான். சோதித்துப் பார்க்க எழுதும் டெஸ்ட் டேட்டாவில் கண்ட கண்ட ஜோக்கை எழுதுவது அவன் பழக்கம்.

"ஞான் அல்ல சார். சத்தியமாயிட்டு அல்ல," என்றான் பிரபின்.

"பின்ன யாரு, உன் அம்மூம்மையோ? போர்டு சரியானதும் நீ என் ரூமுக்கு வா. அஜிதா, நீ போய் அத நிறுத்து."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது அவள் நினைத்தது பிரபினைக்கூட இல்லை. வேலையையும் இல்லை. சுசீலாபாய்க்கு எழுதினது யார் என்று தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான். ஊரில் யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடலாம், அவர்களும் திருப்பி ஒரு பேர் வைத்துவிட்டுப் போவார்கள். மீன் குழம்பைப் பாதியாகப் பகிர்ந்தவர் வைப்பாரா? அந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தபோதே காது சுட்டது. தமிழ் தெரியாது என்று சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பின்வாசல் வழியாக நுழைந்து கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள். பெட்டிகளைத் திறந்ததும் தன் மடத்தனம் கண்ணில் பட்டது. கீழ்ப்பெட்டியில் ஒன்பதை அழித்தாள். புரோகிராமை நிறுத்தித் தொடங்கினாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் ஓய்ந்தது. அப்படியே வந்த வழியே நழுவிவிடலாம் என்று திரும்பினால், கதவில் சுசீலாபாய் நின்றுகொண்டிருந்தார்.

"அழிச்சாச்சா?" என்றார். தமிழில்.

அவளுக்கு என்ன பாஷையில் பதில் சொல்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

"சஜி போன்ல மன்னிப்பு கேட்டான். பிரபின்னு ஒரு பையன் செஞ்ச வேலையாம், அவன வேலைய விட்டுத் தூக்கிருவானாம்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பையன் கண்ணூர்க்காரனாமே? வாத்துன்னா அவனுக்கு என்ன தெரியும்? கெழவின்னா என்ன தெரியும்?"

அஜிதா ஸ்க்ரீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒங்க ஆபீசுல பாறசாலைக்காரி எத்தன பேரு இருக்கு பிள்ள?"

"ஆன்ட்டி, ஸாரி, ஞான் அறியாதெ..."

"அறியாமயா எழுதின? மொதல்ல போன எடு. சஜிகிட்ட சொல்லு. அந்தப் பையன் என்ன பாவம் செஞ்சான்?"

மேஜை மேல் இருந்த போனில் அஜிதா எண்ணை அழுத்தினாள். எழுதினது நான், பிரபின் இல்லை என்று மலையாளத்தில் சொன்னாள். மறுமுனையில் சஜி, "ஆபீசில் வா, பேசலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். எல்லாம் முடிந்தது, இனி சுசீலாபாய் கன்னத்தில் இரண்டு அறை விட்டுப் போகச் சொல்வார் என்று அவள் நின்றாள். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

"எல்லாத்தையும் காட்டு," என்றார் சுசீலாபாய்.

"எந்தா ஆன்ட்டி?"

"என்னப் பத்தி எழுதினது எல்லாத்தையும். காலையில ஓட்டத்துல படிக்க முடியல்ல. போர்டுல வேண்டாம், நாலு பேரு பாத்தது போதும். இந்த ஸ்க்ரீன்ல போடு."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் புரோகிராமின் இன்னொரு பிரதியைத் தனியே திறந்து, அதற்கு மட்டும் அவுட்டை ஸ்க்ரீன் என்றும் லெவலை ஒன்பது என்றும் வைத்தாள். எல்லாச் செய்திகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் ஒரு சோதனையை அவளே எழுதி வைத்திருந்தாள். அதை ஓட்டினாள். அவ்வளவு ஒழுங்காகத் தான் எழுதிய எதுவும் ஓடித் தொலைய வேண்டாம் என்று அன்றுதான் வேண்டிக்கொண்டாள்.

சுசீலாபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பைபிள் வாசிப்பதுபோல் நிதானமாக, இங்கிலீஷ் எழுத்திலிருந்து தமிழை எழுப்பி வாசித்தார்.

"'எழுத்து பெருசாக்கணுமாம், கண்ணு பொட்டையா.'" அஜிதாவைப் பார்த்தார். "கண்ணு ஓ.பி.யும் அந்தக் கூடத்துலதான் பிள்ள. மருந்து ஊத்திட்டு இருப்பாவ. பாதிப் பேருக்குப் பொட்டைதான்."

அஜிதா ஸ்க்ரீனைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தாள்.

"'மணி அடிக்கணுமாம், இது என்ன கோயிலா.' வாசிக்கத் தெரியாத ஆளு என்ன செய்யும்? மணி கேட்டா பக்கத்துல கேக்கும், இது யாரு நம்பருன்னு. இல்லேன்னா பொழுதடைய அங்கனயே இருக்கும்."

"மதி ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றாள் அஜிதா. போதும், போதும்.

"'மறுபடியும் ரூம் மாத்தியாச்சு, கெழவிக்கு வேற வேலை இல்ல.' லிப்ட் கெட்டுப்போனா காலு ஒடிஞ்சவன மாடி ஏத்தச் சொல்லுதியா? டாக்டர கீழ எறக்கத்தான் அந்த மாத்தல்." அவர் குரல் உயரவில்லை. ஒரு சந்தேகத்துக்கு விளக்கம் சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார். தான் கேட்டதெல்லாம் எதற்கு என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருந்ததும், தான் ஒரு தடவைகூடக் கேட்காமல் இருந்ததும் அப்போதுதான் அஜிதாவுக்கு உறைத்தது.

கடைசி வரி வந்தது. சுசீலாபாய் அதையும் வாசித்தார்.

"'வாத்து வந்தாச்சு.'"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். வெளியே மணி அடித்தது, யாரோ எழுந்து போகும் சத்தம் கேட்டது.

"இதுக்குச் சொல்ல என்கிட்ட காரணம் ஒண்ணும் இல்ல," என்றார். "பொறந்ததுலேருந்து அப்பிடித்தான்."

அஜிதா அழுதாள். "தெரியாம இல்ல, தெரிஞ்சுதான் எழுதினேன். எனக்குப் பாண்டின்னு பேரு வச்சப்ப அழுதேன். ஒங்களுக்கு வச்சப்ப சிரிச்சேன். நான் கேடு கெட்டவ ஆன்ட்டி," என்றாள். ஹாஸ்டல் நாட்களுக்குப் பிறகு அந்த நகரத்தில் அவள் வாய்விட்டுப் பேசிய முதல் தமிழ் அது. சுசீலாபாய் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆறுதலாகக் கையைப் பிடிப்பார் என்று அவள் மனசின் ஒரு மூலை காத்திருந்தது. அவர் பிடிக்கவில்லை.

"அந்தப் பெட்டி எங்க இருக்கு? அது எப்பிடி அழிக்கது?" என்று கேட்டார்.

"இனி வராது ஆன்ட்டி. ஆபீசுக்குப் போய் எல்லா வரியையும் நானே எடுத்துருவேன்."

"எடுப்பிய. ஆனா எனக்குத் தெரியணும். சொல்லித் தாங்க."

தாங்க என்றார். பிள்ள என்றும் மோளே என்றும் கூப்பிட்டவர். அஜிதாவுக்கு அடி அங்கேதான் விழுந்தது. மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள். எங்கே அழுத்த வேண்டும், எந்தத் தாளைத் திறக்க வேண்டும், மேல்பெட்டி எது, கீழ்ப்பெட்டி எது என்று சொன்னாள். சுசீலாபாய் பொறுமையாகக் கேட்டார். ஒரு தடவை தானே ஒன்பது போட்டார், தானே அழித்தார். இன்னொரு தடவை அஜிதாவின் உதவி இல்லாமல் செய்தார். சரியாக வந்தது.

"படிச்சாச்சு," என்றார். "இதுக்காக இனி நீங்க வராண்டாம். ஏதாவது வேணும்னா சஜிகிட்ட சொல்லுதேன், வேற ஆள அனுப்பட்டும்."

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தேங்க்ஸ் மேடம்," என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போகத் திரும்பினார். அவர் நடந்து போவதைப் பார்க்க அஜிதாவுக்கு வெட்கமாக இருந்தது. செருப்புச் சத்தம் கூடத்துக் கூட்டத்தில் கரைகிறவரை அவள் ஸ்க்ரீன் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.